பிரசவத்துக்குப் பின் வரும் கசிவு: சாபமா, காயமா?

எத்தியோப்பியாவின் மலைக்கிராமங்களில் இரண்டு மூன்று நாள் வலியோடு போராடிப் பெற்றவள், அடுத்த வாரமே சிறுநீரை அடக்க முடியாமல் தவிப்பதுண்டு. அங்கே சுற்றிவரும் நம்பிக்கைகள் சில நமக்கும் புதிதல்ல.

நம்பிக்கை: இது ஆண்டவன் கொடுத்த தண்டனை.

உண்மை: குழந்தையின் தலை இடுப்பெலும்பைத் தாண்ட முடியாமல் சிக்கிக்கொள்கிறது. கருப்பையோ விடாமல் தள்ளுகிறது. தலைக்கும் முன்பக்க எலும்புக்கும் நடுவே அகப்பட்ட மூத்திரப்பைச் சுவரும் பிறப்புப் பாதையின் சுவரும் மணிக்கணக்கில் நசுங்கி, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகின்றன. செத்த சதை உதிர்ந்து துளை விழப் பல நாள் ஆகலாம். இதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. நசுங்கியது ஒருநாள், கசிந்தது இன்னொருநாள் என்பதால்தான் காரணத்தை வானத்தில் தேடுகிறார்கள். இப்படித் துளை விழுந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. இடுப்பு நரம்புகளும் நசுங்கியிருந்தால் பாதம் தொங்கிப்போய், நடையும் கெடும்.

நம்பிக்கை: முதல் பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டால் அப்புறம் பயமில்லை.

உண்மை: குழந்தை குறுக்காகக் கிடந்தால் எத்தனையாவது பிரசவமானாலும் தடைபடும். சொல்லப்போனால், பலமுறை பெற்றவளுக்குத்தான் அப்போது கருப்பை கிழியும் ஆபத்து அதிகம்.

நம்பிக்கை: வயிற்றை அழுத்தினாலோ வலி ஊசி போட்டாலோ வந்துவிடும்.

உண்மை: வழி அடைத்திருக்கும்போது அழுத்தத்தைக் கூட்டினால் கிழியத்தான் செய்யும். தேவைப்படுவது பெரும்பாலும் சிசேரியன், அதுவும் நேரத்தோடு.

நம்பிக்கை: தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் கசிவு குறையும்.

உண்மை: இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நாற்றத்துக்கு அஞ்சித் தாகத்தை அடக்குகிறாள். அடர்ந்த சிறுநீர் தோலை எரித்துப் புண்ணாக்குகிறது, கல்லும் சேர்கிறது. அவள் குடிக்க வேண்டியது நிறையத் தண்ணீர்.

நம்பிக்கை: ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் இதுதான்.

உண்மை: துளை சிறிதாக இருந்து உடனே கண்டுபிடித்தால், சில வாரங்கள் சிறுநீர்க் குழாய் பொருத்தி வைத்தாலே தானாக மூடிவிடலாம். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை அறுவை சிகிச்சையால் மூடலாம். சிலருக்கு மூடிய பிறகும் கசிவு மிஞ்சும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1959-ல் அடிஸ் அபாபா வந்த மருத்துவத் தம்பதி ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் 1974-ல் இதற்கென்றே அங்கு மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கே அறுவை சிகிச்சை செய்து பெயர் பெற்ற மாமிட்டு காஷே, பள்ளிக்கூடம் போகாதவர். ஹாம்லின்களிடம் நோயாளியாக வந்து, பக்கத்தில் நின்று தொழில் கற்றவர். பிற்பாடு, 2007-ல், கிராமங்களுக்குச் செல்லும் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியும் வந்தது.

குணமானவள் மறுபடி கருவுறலாமா என்று கேட்பார்கள். கருவுறலாம். ஆனால் வலி தொடங்கும்வரை வீட்டில் காத்திருக்காமல், முன்கூட்டியே மருத்துவமனை சேர்ந்து சிசேரியன் செய்துகொள்ள வேண்டும்.