கடைசித் தேதி போச்சா? ரீஃபண்டை விட்டுடாதீங்க!

"டேட் முடிஞ்சுபோச்சே, எக்ஸ்டென்ஷன் போட முடியுமா?" வருமான வரிக் கணக்கு என்றதும் பலரும் கேட்கிற கேள்வி இது. அமெரிக்காவில் முடியும். படிவம் 4868-ஐ ஆன்லைனில் கொடுத்தால், கணக்குத் தாக்கலுக்கு ஏப்ரல் 15-லிருந்து அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும். அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் நாட்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தால்தான் தேதி நீளும். 2025-இல் ஜூலை 31 என்ற கெடு, தணிக்கை தேவைப்படாதவர்களுக்குச் செப்டம்பர் 15 ஆனது. பிறகு ஒரே ஒரு நாள் கூடியது. அதையும் தவறவிட்டால் என்ன வழி?

முதல் வழி: தாமதக் கணக்கு

டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாமதக் கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்; அதற்கு மேல் இருந்தால் 5,000 ரூபாய். வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டியும் சேரும்.

இரண்டாம் வழி: தாமத மன்னிப்பு விண்ணப்பம்

ஓர் உதாரணம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2024-25-இல் கடை வருமானமும் வைப்புத்தொகை வட்டியும் சேர்த்து 2.4 லட்சம் ரூபாய். வரியே இல்லை. ஆனால் 80,000 ரூபாய் வட்டியில் வங்கி 8,000 ரூபாயை டிடிஎஸ் பிடித்துவிட்டது. கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும். அவர் மருத்துவமனையில் படுத்திருந்ததால் டிசம்பர் 31-ம் போய்விட்டது.

'அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாமே' என்று சிலர் சொல்வார்கள். அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. அவருக்கு உதவுவது 1961 வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு. செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம்:

1. வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் இணையதளத்தில் பான் எண், கடவுச்சொல் கொடுத்து நுழையுங்கள்.

2. 'சர்வீசஸ்' பகுதியில் 'காண்டோனேஷன் ரிக்வெஸ்ட்' என்பதைத் தொடுங்கள். கணக்குத் தாக்கல் தாமதத்துக்கான வகையையும், எந்த ஆண்டு என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

3. தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். மருத்துவச் சான்று, வங்கி தரும் படிவம் 16ஏ போன்ற ஆதாரங்களைச் சேருங்கள்.

4. அனுமதி கிடைத்தால் வேலை முடிந்துவிடாது. அந்த ஆணையின் எண், தேதியைக் குறிப்பிட்டு, 119(2)(பி) பிரிவின் கீழ் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

5. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்!

எத்தனை நாள் காத்திருக்கணும்?

2024 அக்டோபர் 1-ஆம் தேதி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் வரை விண்ணப்பிக்கலாம். நம் டீக்கடைக்காரருக்கு 2031 மார்ச் 31 வரை நேரம் உண்டு. கூடியவரை 6 மாதத்துக்குள் அதிகாரிகள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் 'மறந்துட்டேன்' என்றால் போதாது. உண்மையான சிரமம் இருந்ததைக் காட்ட வேண்டும். ரீஃபண்ட் கிடைத்தாலும் அதற்கு வட்டி கிடையாது. அதனால் டிசம்பர் 31-க்குள் முடிப்பதே லாபம்.

உஷார்!

'ரீஃபண்ட் வந்திருக்கு, லிங்க்கைத் தொடுங்க' என்று வரும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் வருமான வரித் துறையின் உதவி எண் 1800 103 0025-ஐ அழையுங்கள்.

இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரி அதில் தெரியும். அது உங்கள் பணம்; கேட்டால்தான் கைக்கு வரும்.