கண்ணும் சிறுநீரகமும்

நீரிழிவு நோயுள்ள நெசவாளர் ஒருவருக்கு நூலிழை புலப்படாது போனால், மூக்குக் கண்ணாடியை மாற்றுவதோடு அவர் நின்றுவிடலாகாது. கண்ணில் தோன்றிய கேடு சிறுநீரகத்திலும் இருக்கக்கூடும்.

காரணம் யாது? விழித்திரையிலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்து நின்றால் இவ்விரு இடத்துக் குழாய்களும் பழுதுபடுகின்றன. கண்ணில் அவை கசிகின்றன. சிறுநீரகத்தில் ஆல்புமின் என்னும் புரதத்தை வெளியே விட்டுவிடுகின்றன. இரத்தக் கொதிப்பு இரண்டையும் விரைவுபடுத்தும். தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் குறைவதில்லை. முற்றியபின் இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை.

பேரேட்டில் பிழை கண்டால் ரொக்கப் புத்தகத்தையும் எடுத்துப் பார்ப்பது தணிக்கை முறை. அதுபோலவே விழித்திரையில் பழுது கண்டால் சிறுநீரகத்தையும் சோதித்தல் வேண்டும். ஆயினும் கண் நன்றாயிருப்பதால் சிறுநீரகமும் நன்றெனக் கொள்ளலாகாது. சிலருக்குச் சிறுநீரகமே முதலில் கெடும்.

ஆகவே நீரிழிவுள்ள அங்கத்தினர் ஆண்டுதோறும் மூன்று சோதனைகள் செய்துகொள்ளுதல் நலம்: கண்ணில் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்தல், சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின். தறியிலும் தோட்டத்திலும் உழைத்த உடல்வலிக்கு, மருத்துவரைக் கேளாது வலி மாத்திரை உண்பதையும் விலக்குக.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் இல்லந்தேடி வர அது வழிசெய்தது. மாத்திரை வாயில் வரை வரலாம். சோதனைக்கு நாமே செல்லல் வேண்டும். தொரப்பள்ளி அங்கத்தினர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.