குளிரில் வெளுக்கும் விரல்களும் தோலின் இரத்த ஓட்டப் பரிசோதனையும்

இலண்டனில் குளிர்காலம் தொடங்கியதும் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதாகக் கூறுவோர் பலர். வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதே வழக்கம். பெரும்பாலானோருக்கு அது தீங்கற்றதே. ஆயினும் ஒரு சிறு பகுதியினருக்கு அது ஸ்கிளெரோடெர்மா என்னும் நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தோலின் இரத்த ஓட்டத்தைப் படம்பிடித்துக் காட்டும் எளிய பரிசோதனைகள் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய உதவுகின்றன. இவற்றுக்கு ஊசி தேவையில்லை, வலியும் இல்லை.

ரேனோ நிலை என்றால் என்ன?

குளிரோ மன அழுத்தமோ ஏற்படும்போது விரல்களின் சிறிய இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதே ரேனோ நிலை. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இரத்தம் நின்றவுடன் விரல் வெளுக்கும். பின் நீலம் பாயும். இரத்தம் திரும்பும்போது சிவந்து, குத்தலும் எரிச்சலும் உண்டாகும்.

இது இருவகைப்படும். முதல்வகை, வேறு நோய் எதனுடனும் தொடர்பற்றது. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். இரு கைகளையும் ஒரே அளவில் பாதிக்கும். குழாய்களுக்கு நிலையான சேதம் விளைவிக்காது. இரண்டாம்வகை, மற்றொரு நோயின் விளைவாக வருவது. முப்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குதல், விரல் நுனியில் புண் தோன்றுதல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுதல் ஆகியவை இரண்டாம்வகையின் எச்சரிக்கைகள்.

ஸ்கிளெரோடெர்மா

கடினத்தையும் தோலையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் வழிதவறி, நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. தோலிலும் உள்ளுறுப்புகளிலும் நார்த்திசு மிகுதியாகப் படிகிறது. இது தொற்றுநோய் அன்று. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது. இந்நோயின் பரவிய வடிவில் நுரையீரல், இதயம், சிறுநீரகம், உணவுக்குழாய் ஆகியவை பாதிக்கப்படலாம். அத்தகையோரில் மிகப் பெரும்பாலானோருக்கு ரேனோ நிலை உண்டு. பலருக்குத் தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியே நோயைக் கண்டறிவதற்கு ஏற்ற காலம்.

மாநிற, கருநிறத் தோலில் கவனிக்க வேண்டியவை

மருத்துவ நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத் தோலையே காட்டுகின்றன. தமிழர்களின் தோலில் விரல் வெளுப்பதும் நீலம் பாய்வதும் அத்துணைத் தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்தாற்போன்ற மங்கல் மட்டுமே தோன்றலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூற வேண்டும். உள்ளங்கைப் பக்கத்திலும் நகத்தின் அடியிலும் நிறமாற்றம் ஓரளவு எளிதாகப் புலப்படும். விரல் வெளுத்திருக்கும் வேளையில் கைப்பேசியில் எடுத்த படம் பெரிதும் பயன்படும். மருத்துவரைக் காணும் நேரத்தில் விரல் இயல்பாக இருப்பதே வழக்கம்.

கருநிறத் தோலில் ஸ்கிளெரோடெர்மா மற்றோர் அடையாளத்தையும் விடுவதுண்டு. மயிர்க்கால்களைச் சுற்றி நிறம் எஞ்சி, இடையிடையே தோல் வெளுத்து, உப்பும் மிளகும் தூவினாற்போல் தோன்றும். இதனை வெண்புள்ளி என்று தவறாகக் கருத வாய்ப்புண்டு. வெளுத்த இடத்தில் தோல் இறுக்கமாகவும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரத்த ஓட்டத்தைக் காணும் மூன்று வழிகள்

*நகமடிப்பு நுண்ணோக்கல்.* உடலெங்கும் நுண்குழாய்கள் தோலுக்குச் செங்குத்தாக நிற்பதால் அவற்றின் நுனி மட்டுமே தெரியும். நகத்தின் அடியில் உள்ள தோல்மடிப்பில் அவை தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. ஆகவே முழு வடிவமும் தெரிகிறது. அங்கு ஒரு துளி எண்ணெய் இட்டு உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கின்றனர். நலமான ஒருவருக்கு அவை கொண்டையூசிகளை வரிசையாக அடுக்கியதுபோல், ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என ஒழுங்காக அமைந்திருக்கும். ஸ்கிளெரோடெர்மாவில் சில குழாய்கள் பன்மடங்கு பருக்கின்றன. சிறு இரத்தக் கசிவுகள் தோன்றுகின்றன. பின்னர் குழாய்கள் அழிந்து வெற்றிடங்கள் உண்டாகின்றன. கருநிறத் தோலில் குழாய்களைக் காண்பது சற்றுக் கடினமெனினும், பயிற்சி பெற்றவருக்கு இயலாதது அன்று.

*வெப்பப் படம்.* இரத்தம் செல்லும் இடம் சூடாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை. அகச்சிவப்புக் கேமரா கைகளின் வெப்பநிலையை நிறங்களாகக் காட்டும். வழக்கமான முறையொன்றில், மெல்லிய கையுறை அணிந்த கைகளை 15 பாகை செல்சியஸ் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, பின் அவை மீண்டும் சூடேறும் வேகத்தைப் பதிவு செய்கின்றனர். 30 பாகை வெப்பமுள்ள அறையிலும் விரல் நுனிகள் புறங்கையைவிட ஒரு பாகைக்கு மேல் குளிர்ந்திருந்தால், குழாய்களில் நிலையான சேதம் இருக்கலாம் என்ற ஐயம் வலுப்பெறும்.

*லேசர் டாப்ளர்.* ஆம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். அதுபோலவே, ஓடும் சிவப்பணுக்களின்மீது பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அலைவெண் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கணக்கிட்டு, தோலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரையிலான இரத்த ஓட்டத்தைக் கருவி வரைபடமாக்குகிறது. மருந்து விரல்களுக்குப் பயன் தருகிறதா என்பதை அளக்க ஆய்வாளர்கள் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

நுண்ணோக்கல் குழாய்களின் வடிவத்தைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் அவற்றின் செயற்பாட்டைக் காட்டுகின்றன. இரத்த ஓட்டம் அறை வெப்பத்திற்கும் மனநிலைக்கும் ஏற்ப மாறுவதால், வெப்பப் படமோ லேசர் படமோ தனித்து நோயை உறுதிசெய்யாது.

முடிவு எதை உணர்த்துகிறது?

கனடாவில் ரேனோ நிலை உடைய 586 பேரை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களுள் 74 பேருக்கே ஸ்கிளெரோடெர்மா உறுதியானது. நகமடிப்புக் குழாய்கள் இயல்பாகவும், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இல்லாமலும் இருந்தோரில் நோய் கண்டவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. இரண்டிலும் மாற்றம் இருந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேருக்குப் பிற்காலத்தில் நோய் வெளிப்பட்டது. எனவே பரிசோதனையின் முதற்பயன் பெரும்பாலானோருக்கு மன அமைதி. இரண்டாம் பயன், உரியவர்களை முன்கூட்டியே கண்காணிப்பில் சேர்ப்பது.

2013ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பின்பற்றப்படும் வகைப்பாட்டு முறையில், மொத்தம் 9 புள்ளிகள் சேர்ந்தால் அது ஸ்கிளெரோடெர்மா எனக் கொள்ளப்படுகிறது. ரேனோ நிலைக்கு 3 புள்ளிகளும், நகமடிப்புக் குழாய் மாற்றத்திற்கு 2 புள்ளிகளும் உண்டு. அதாவது, விரல்களில் மாற்றம் தெரிந்ததாலேயே நோய் உறுதியாகிவிடாது. நோய் உறுதியானோருக்கு இதய ஸ்கேன், நுரையீரல் ஆற்றல் சோதனை, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவை ஒழுங்காக நடைபெறும். உள்ளுறுப்புப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே அறிந்தால் சிகிச்சைக்குக் கூடுதல் பயன் கிடைக்கிறது.

பரிசோதனைக்குச் செல்லும் முன்

• நகப்பூச்சையும் ஒட்டு நகங்களையும் அகற்ற வேண்டும். மருதாணிச் சிவப்பு இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
• நகத்தின் அடித்தோலைச் சில வாரங்களுக்கு வெட்டவோ கடிக்கவோ கூடாது.
• தேநீர், காப்பி, புகைபிடித்தல் ஆகியவற்றைப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் முன் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவமனையின் கடிதத்தில் பார்க்கவும்.
• மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.
• அறையில் இருபது நிமிடம் அளவில் அமர வேண்டியிருக்கும் என்பதால் நேரத்தோடு செல்ல வேண்டும்.

இலண்டனில் உதவி பெறும் வழி

முதலில் தம் குடும்ப மருத்துவரான ஜி.பி.யை அணுக வேண்டும். அவர் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை செய்து, தேவையாயின் அருகிலுள்ள மருத்துவமனையின் ருமட்டாலஜி பிரிவுக்குப் பரிந்துரைப்பார். ஹாம்ஸ்டெட்டில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனை இந்நோய்க்கான சிறப்பு மையம். நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் அங்கு அனுப்பப்படுகின்றனர். பின்னாளில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் அமைப்பின் தலைவராக விளங்கிய டேம் கேரல் பிளாக் இம்மையத்தை வளர்த்தெடுத்தவர். அங்கு நேரடியாகச் சென்று பதிவு செய்ய இயலாது; பரிந்துரை வேண்டும்.

என்.எச்.எஸ். மருத்துவரைக் காணும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். முன்பதிவின்போதே கேட்பது நல்லது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது தவிர்க்கத்தக்கது. நோயாளிகளுக்கான தகவல்களை எஸ்.ஆர்.யூ.கே. என்னும் அறக்கட்டளை வழங்குகிறது.

அன்றாடக் கவனம்

கைகளை மட்டுமன்றி உடல் முழுவதையும் சூடாக வைத்திருக்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து மீன், இறைச்சி எடுக்கும்போது கையுறை அணிவது நன்று. கடைகளின் குளிர்பதன அறைகளில் பணிபுரிவோர் தம் நிலையை மேலாளரிடம் தெரிவித்து மாற்று ஏற்பாடு கேட்கலாம். மரத்துப்போன கையை அடுப்புத் தீயிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது. உணர்வு இல்லாததால் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான நீரே போதும். புகைபிடிப்பதை நிறுத்துவது இன்றியமையாதது.

விரல் கருத்தாலோ, நுனியில் புண் உண்டாகிச் சீழ் பிடித்தாலோ, வெளுப்பு நீங்காமல் கடும் வலி நீடித்தாலோ அன்றைய தினமே ஜி.பி.யையோ 111 எண்ணையோ தொடர்புகொள்ள வேண்டும். கடும் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.