அன்னத்தை அறிதலும் ஒரு விரதமே

தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி உணவைப் பற்றிச் சாதகனுக்குச் சில விரதங்களை வகுக்கிறது. உணவை மதித்தல், வீணாக்காமை, பெருக்குதல், நாடி வந்தவர்க்கு இடமளித்தல் என்பன அவை. இவற்றைக் கடைப்பிடிக்க அடிப்படையாக வேண்டுவது உணவைப் பற்றிய தெளிந்த அறிவு. அறியாத பொருளை மதிப்பதும் காப்பதும் எங்ஙனம்?

மும்பையில் செம்பூரை அடுத்து அணுசக்தி நகர் உள்ளது. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிவோர் பலர் குடும்பத்துடன் வாழும் குடியிருப்பு அது. 1954-இல் தோன்றிய அம்மையம் அணுமின்சாரத்துக்காக மட்டும் உழைக்கவில்லை. விதைகளில் கதிர்வீச்சைச் செலுத்தி, அதனால் விளையும் நல்ல மாறுதல்களைத் தேர்ந்தெடுத்து, நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு, துவரை முதலியவற்றில் புதிய வகைகளை உருவாக்கியது. அதன் முதல் நிலக்கடலை வகை 1973-இல் வெளியாயிற்று. இன்று அங்கு உருவான பயிர் வகைகள் 60-க்கும் மேற்பட்டவை. அன்னத்தைப் பெருக்கும் விரதம் இங்கே ஆய்வுக்கூடத்தில் நிகழ்கிறது.

பருப்புக்கு இத்தனை கவனம் ஏன்? அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. பொங்கலிலும் இட்லியிலும் இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

பெருக்கியதைக் காப்பதும் கடமை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடங்கில் முளைவிட்டும் அழுகியும் வீணாகின்றன. கோபால்ட்-60 தரும் காமாக் கதிர்களைச் சிறிதளவு செலுத்தினால் முளைப்பது நின்றுவிடும். இதற்காக நாசிக் மாவட்டம் லாசல்காவில் 2002-இல் ஓர் ஆலை நிறுவப்பட்டது. அங்கே கதிரூட்டிய மாம்பழங்கள் 2007-இல் அமெரிக்காவுக்கும் சென்றன. வெங்காயத்தை விலக்கும் அன்பர்களும் உளர். எனினும் உழவரின் ஓராண்டு உழைப்பு கிடங்கில் அழுகுவது எவருக்கும் உவப்பாகாது.

‘கதிர்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவ்வாறே இம்முறையில் பதப்படுத்திய உணவிலும் தங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகியவற்றின் கூட்டு வல்லுநர் குழு, 10 கிலோகிரே வரையிலான அளவு தீங்கற்றது என 1980-இல் முடிவு கூறியது. அதே நேரத்தில் இம்முறையின் எல்லையையும் அறிய வேண்டும். சில வைட்டமின்கள் ஓரளவு குறையலாம். பூச்சிமருந்தின் எச்சம் நீங்காது. கெட்டுப்போன உணவு நல்லதாகிவிடாது. கதிரூட்டிய உணவின் உறையில் அதற்குரிய பச்சை நிறச் சின்னம் இருக்க வேண்டும். விரும்புவோர் வாங்கலாம், விரும்பாதோர் விலக்கலாம்.

வியப்பு என்னவெனில், இச்சின்னத்துக்கு அஞ்சும் நாமே கடைத் தின்பண்டத்தின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதில்லை. சேர்பொருள்கள் அங்கே எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்படுகின்றன. சர்க்கரையோ எண்ணெயோ முன்வரிசையில் நின்றால், அது எத்தகைய பண்டம் என்பது விளங்கிவிடும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது. வறுவலும் ஊறுகாயும் அப்பளமும் அவ்வளவை எளிதில் கடந்துவிடும்.

அறியாமையின் விலை பெரிது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். வறுமையும் நோயும் இதற்குக் காரணங்களே. ஆயினும் வீட்டளவில் செய்யத்தக்கவை சில உண்டு. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சை, நெல்லி போன்றவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். உணவுடன் தேநீரோ காபியோ அருந்தினால் அது தடைப்படும். குடும்பத்தார் அனைவரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கமும் மாற வேண்டும். வீட்டில் அன்னம் படைப்பவள் பசித்திருக்க, அன்னத்தை மதித்தோம் என்று நாம் எவ்வாறு கூற இயலும்?

நம் சத்சங்கங்களிலும் பாலர் வகுப்புகளிலும் மாதம் ஒருமுறையேனும் உணவைப் பற்றிப் பேசுவோம். குழந்தைகளுக்கு உறையைப் படிக்கக் கற்பிப்போம். கேள்விப்பட்டதை ஆராயாமல் பிறருக்குப் பரப்புவதைத் தவிர்ப்போம். உண்ணுமுன் இறைவனுக்கு நிவேதிக்கும் நாம், நிவேதிக்கும் பொருள் இன்னதென்று அறிந்து நிவேதிப்போமாக.