வண்டி நின்ன இடத்துலயே பாருங்க: ஒரு நூறு சிசி பாடம்

ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல எனக்கு நல்ல கிரேடு. ஓட்டோ சைக்கிளோட பி.வி. டயகிராமை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். ஆனா போன ஜூலையில எங்க அப்பாவோட நூறு சிசி பைக் ரோட்டுல நின்னப்போ, கிக்கரை இருபது தடவை உதைச்சதைத் தவிர எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல.

எங்க ஊர் அச்சன்புதூர். அப்பா கொத்தனார். அப்போ குற்றாலத்துல ஒரு சைட்ல வேலை. அச்சன்புதூர்ல இருந்து இலத்தூர், தென்காசி வழியா தினமும் போயிட்டு வரணும். ஒரு நாள் வழியில வண்டி நின்னுடுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மறுபடி கொஞ்ச தூரத்துல நிக்குது. ரெண்டாவது தடவை அப்படி ஆனப்போ அப்பா சைட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கான்கிரீட் வேலையை வேற ஆளை வச்சு ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்குக் கூலி இல்லை. "இன்ஜினியரிங் படிக்கியே, என்னன்னு பாரேம்ல"ன்னு அப்பா சொன்னாங்க. கோபமா சொல்லல. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

அந்த ரெண்டு வாரத்துல நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். உங்க வீட்லயும் இப்படி ஒரு வண்டி இருக்கும். படிச்சு வச்சுக்கோங்க.

முதல்ல நாலு சந்தேகம்

இந்தியாவுல 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. 1994-ல ஸ்ப்ளெண்டர் வந்தது. நம்ம ரோடு முழுக்க நூறு சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டியா நிறைஞ்சது அதுக்கப்புறம்தான். ஸ்ப்ளெண்டர் இன்ஜினோட போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 97.2 சிசி வரும். எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் அந்தச் சின்ன சிலிண்டர் கேக்குறது நாலே விஷயம்: பெட்ரோல், காத்து, ஸ்பார்க், கம்ப்ரஷன். நாலும் சரியான நேரத்துல கிடைச்சா இன்ஜின் ஓடும். ஓடலைன்னா நாலுல ஒண்ணு வரலைன்னு அர்த்தம்.

இது கேக்க ரொம்ப ஈஸியா இருக்கும். ஆனா நாம என்ன பண்றோம்? வீடியோ பார்க்குறோம். அதுல ஒருத்தர் பிளக்கை மாத்துன்னு சொல்வார், மாத்துறோம். இன்னொருத்தர் கார்புரேட்டரைக் கழுவுன்னு சொல்வார், கழுவுறோம். நானும் அதையேதான் செஞ்சேன். பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு, கார்புரேட்டர் சர்வீஸ். வண்டி மறுபடியும் நின்னது. அடுத்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு சிடிஐ யூனிட் ஆர்டர் போடப் போனேன்.

அதுக்கு முன்னாடி ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இங்க நீ கொண்டு வரும்போது வண்டி நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குற வண்டியில நான் எதைப் பார்க்க? நின்ன இடத்துல, நின்ன நிமிஷத்துல பாரு."

எட்டு செமஸ்டர்ல இதை எனக்கு யாரும் சொல்லித் தரல.

நின்ன நிமிஷத்துல என்ன பார்க்கணும்?

ஓடி ஓடி நின்னு, ஆறினதும் ஸ்டார்ட் ஆகுற கார்புரேட்டர் வண்டிக்கு முக்கியமா மூணு காரணம் இருக்கு.

1. இக்னிஷன் காயில் அல்லது பல்சர் காயில் சூடானதும் வேலை செய்யாம போறது. ஆறினதும் திரும்ப ஸ்பார்க் வரும்.

2. டேப்பெட் இடைவெளி ரொம்ப இறுக்கமா இருக்குறது. பல வண்டிகள்ல இது 0.1 மில்லிமீட்டருக்குள்ளதான். சூட்டுல பாகங்கள் விரிஞ்சு வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் போயிடும்.

3. டேங்க்ல பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டருக்கு இறங்காம போறது.

வண்டி ஆறினதுக்கு அப்புறம் பார்த்தா மூணுமே நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். அதனால ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், மூடி போட்ட ஒரு பாட்டில், ஒரு பழைய துணி, இவ்வளவையும் சைடு பாக்ஸ்ல வச்சுக்கோங்க. நின்னதும் வண்டியை ரோட்டு ஓரமா தள்ளிட்டு, இந்த வரிசையில பாருங்க.

முதல்ல ஸ்பார்க். பிளக்கைக் கழட்டி, அதை பிளக் கேப்புல மாட்டி, பிளக்கோட உலோகப் பகுதி இன்ஜின் மேல படுற மாதிரி வச்சு கிக் பண்ணுங்க. நீலமா, சட்டுனு சத்தத்தோட பொறி வந்தா நல்லது. மஞ்சளா, பலவீனமா வந்தாலோ, வராமலே போனாலோ முதல் காரணத்தைத் தேடுங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல பொறியை வைக்காதீங்க, உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வரும். கையில பிடிக்கிறது ரப்பர் கேப்பை மட்டும்தான். இன்ஜின் சூடா இருக்கும், துணி வச்சுப் பிடிங்க.

கழட்டும்போதே பிளக்கோட நிறத்தையும் பாருங்க. இளம் பழுப்பு நல்லது. காஞ்ச கரி மாதிரி கருப்புன்னா பெட்ரோல் அதிகம், இல்லைன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்குன்னா ஆயில் உள்ள வந்து எரியுது. வெளுத்துப் போயிருந்தா பெட்ரோல் கம்மி, காத்து அதிகம். பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஆனா எரியல.

ரெண்டாவது பெட்ரோல். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதோட டியூப்பை பாட்டில்ல விட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. கிண்ணத்துல இருக்குறது முதல்ல வரும், அதுக்கப்புறமும் நிக்காம ஓடணும். சொட்டுச் சொட்டா மாறி நின்னா பிரச்சினை மேல, டேங்க் பக்கம். சைலன்சர் சூடா இருக்கும், அதுல ஒரு சொட்டும் படக் கூடாது. பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது.

மூணாவது கம்ப்ரஷன். பிளக்கை மாட்டிட்டு கையால கிக்கரை மெதுவா அழுத்துங்க. ஒரு இடத்துல நல்லா எதிர்த்துத் தள்ளணும். வழக்கத்தை விட லேசா, பஞ்சு மாதிரி இறங்கினா டேப்பெட், வால்வு, ரிங் பக்கம் போகணும். இதுக்கு மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

ஒரு எச்சரிக்கை. டேங்க் மூடியை முதல்லயே திறக்காதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

எங்க வண்டியில நடந்தது

ஒரு ஞாயித்துக்கிழமை டேங்க் ஃபுல் பண்ணிட்டு கிளம்பினேன். மூணு கிலோமீட்டர் கூட போகல, நின்னது. ஸ்பார்க் பார்த்தேன், நல்ல நீலம். நான் வாங்க இருந்த சிடிஐ யூனிட் அந்த இடத்துலயே தேவையில்லாம போச்சு. டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்தேன். கொஞ்சமா வந்துச்சு, சொட்டுச்சு, நின்னுடுச்சு. டேங்க் தளும்பத் தளும்ப பெட்ரோல், கீழ ஒரு சொட்டு இல்லை!

ஸ்க்ரூ திறந்தபடியே டேங்க் மூடியைத் திறந்தேன். "ஸ்ஸ்ஸ்"னு காத்து உள்ள போற சத்தம். அடுத்த நொடி கீழ பாட்டில்ல பெட்ரோல் கொட்ட ஆரம்பிச்சது. மூடியை முதல்லயே திறந்திருந்தா இந்தச் சாட்சி கிடைச்சிருக்காது. அதனாலதான் அந்த எச்சரிக்கை.

மூடியில காத்து போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா உள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடிச்சு வச்சுக்கும். தண்ணி நிரம்பின ஸ்ட்ராவோட மேல் முனையை விரலால அடைச்சா தண்ணி இறங்காதே, அதே கதைதான்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஓட்டை மேல வெள்ளையா சிலிக்கான் பேஸ்ட். அதைப் பூசினது நான்தான்.

ஜூன்ல சாரல் ஆரம்பிச்சதும் டேங்க்ல மழைத் தண்ணி இறங்குதுன்னு அப்பா சொன்னாங்க. மூடியோட ரப்பர் வளையம் பழசு. அதை மாத்தாம, இருந்த இடத்துலயே பேஸ்ட்டை அப்பி "சரி பண்ணிட்டேன்பா"ன்னு சொல்லிட்டேன். அப்பா இழந்த ஒரு நாள் கூலிக்குக் காரணம் வண்டி இல்லை, நான்.

அப்பா ஏற்கெனவே சொன்ன விடை

இதை விட வெக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. முதல் வாரமே அப்பா சொன்னாங்க: "டேங்க் ரொம்புன அன்னைக்குத்தாம்ல இது ரொம்பப் படுத்துது. நூறு ரூவாய்க்கு அடிச்சா பேசாம போவுது." நான் சிரிச்சேன். "பெட்ரோல் அதிகமா இருந்தா வண்டி எப்படிப்பா நிக்கும்?"னு கேட்டேன். இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க.

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தர்ற வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு லிட்டர் 90 நிமிஷத்துக்கு வரும். அதாவது நிமிஷத்துக்கு 11 மில்லி, ரெண்டு டீஸ்பூன். கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்குறது அதுமாதிரி சில டீஸ்பூன்தான். மேல இருந்து வரத்து நின்னா ரொம்ப நேரம் தாங்காது.

டேங்க்ல பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் உயர வித்தியாசம் சுமார் 30 சென்டிமீட்டர்னு வைங்க. பெட்ரோலோட அடர்த்தி சுமார் 0.74. அப்போ பெட்ரோலைக் கீழ தள்ளுற அழுத்தம் சுமார் 2.2 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்துல இது வெறும் 2.2 சதவீதம். டேங்க் உள்ள காத்தோட அழுத்தம் அவ்வளவு குறைஞ்சாலே வரத்து நின்னுடும். பாயில் விதிப்படி காத்தோட கன அளவு 2.2 சதவீதம் கூடினா போதும்.

பத்து லிட்டர் டேங்க்ல மேல ஒரு லிட்டர் காத்து மட்டும் இருந்தா: 22 மில்லி பெட்ரோல் இறங்கினதும் நிக்கும். அதுல சுமார் 1.3 கிலோமீட்டர் போகலாம்.

அஞ்சு லிட்டர் காத்து இருந்தா: 110 மில்லி. சுமார் ஆறரை கிலோமீட்டர்.

ஒன்பது லிட்டர் காத்து இருந்தா: 200 மில்லிக்குப் பக்கம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்.

மூடி நூறு சதவீதம் இறுகாது, கிண்ணத்துலயும் கொஞ்சம் இருக்கும், பெட்ரோல் ஆவியும் சேரும். அதனால நிஜத்துல தூரம் கூடக்குறைய இருக்கும். பத்து நிமிஷம் காத்திருந்தா திரும்ப ஸ்டார்ட் ஆனதும் இதனாலதான், காத்து மெல்ல கசிஞ்சு உள்ள போயிடுது. ஆனா போக்கு தெளிவு: டேங்க் நிறைய நிறைய வண்டி சீக்கிரம் நிக்கும். அப்பா சொன்னது அப்படியே பாயில் விதி. ஜூன்ல பூசின பேஸ்ட் ஜூலை வரைக்கும் மாட்டாம இருந்ததும் இதனாலதான். வாரக் கூலி கையில வந்து, அப்பா ஃபுல் டேங்க் அடிச்ச பிறகுதான் தொல்லை ஆரம்பிச்சது.

பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்து, ஊசியால ஓட்டையைச் சுத்தம் பண்ணி, புது ரப்பர் வளையம் போட்டேன். ஃபுல் டேங்க்ல குற்றாலம் போயிட்டு வந்தேன், நிக்கல. அடுத்து எங்க தெருப் பக்கமா ஓட்டை மேல டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன், நின்னது. டேப்பை எடுத்தேன், ஓடுச்சு. திரும்ப வர வச்சுப் பார்த்த பிறகுதான் "கண்டுபிடிச்சேன்"னு சொல்லணும்.

வேற அறிகுறிகள், சுருக்கமா

மழையில நனைஞ்சதும் நின்னா: பிளக் கேப், அதோட வயர். துடைச்சுக் காய வைங்க.

டேங்க்ல தண்ணி சந்தேகம் இருந்தா: டிரெயின் பண்ணின பெட்ரோலை பாட்டில்ல அசையாம வைங்க. அடியில தனி அடுக்கு தெரிஞ்சா தண்ணி. இப்போ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருது. எத்தனால் தண்ணியை ஓரளவு தன்னோட கலந்துக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில பிரிஞ்சிடும். சாரல் காலத்துல டேங்க் மூடி ரப்பர் முக்கியம்னு சொல்றது இதுக்குத்தான்.

இன்ஜின் அலறுது, ஆனா வேகம் ஏறல: இன்ஜின் நல்லா இருக்கலாம், கிளட்ச் பிளேட்டைப் பாருங்க.

நீலப் புகை: ஆயில் எரியுது. கருப்புப் புகை: பெட்ரோல் அதிகம்.

2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டிகள்ல பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்ஷன். சாவியைப் போட்டதும் டேங்க் உள்ள பம்ப் ரெண்டு மூணு நொடி "உய்ங்"னு சத்தம் போடும். அந்தச் சத்தம் வரலைன்னா முதல்ல பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்க. மீட்டர்ல இன்ஜின் லைட் சிமிட்டினா எத்தனை தடவைன்னு எண்ணிக் குறிச்சுக்கோங்க, பல வண்டிகள்ல அதுதான் கோளாறோட கோடு. பெட்ரோல் லைன்ல அழுத்தம் இருக்கும், அதை நீங்களா கழட்டாதீங்க.

ஸ்க்ரூடிரைவருக்கு முன்னாடி ஒரு பேப்பர்

இப்போ எங்க வீட்ல வண்டி மக்கர் பண்ணினா நான் முதல்ல எடுக்குறது பேப்பர். எத்தனை கிலோமீட்டர்ல நின்னது, டேங்க்ல எவ்வளவு இருந்தது, மழையா வெயிலா, படக்குனு நின்னதா திக்கித் திக்கி நின்னதா, எத்தனை நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் ஆச்சு, கடைசியா வண்டியில யார் என்ன மாத்தினது. இந்த ஆறும் எழுதுங்க. கடைசிக் கேள்விக்கு உண்மையா பதில் எழுதுங்க. பிறகு ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம் மட்டும் செய்ங்க. மூணை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது.

முக்கியமா, தினமும் அந்த வண்டியை ஓட்டுறவங்க சொல்றதைக் கேளுங்க. காரணத்தை அவங்க தப்பா சொல்லலாம். ஆனா எப்போ நிக்குது, எப்போ நிக்கலைன்னு அவங்க சொல்றதுல தப்பு இருக்காது.

அன்னைக்கு ராத்திரி பேஸ்ட் விஷயத்தை அப்பாகிட்ட சொன்னேன். கணக்கையும் நோட்டுல போட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. "அப்போ நான் சொன்னது சரிதானல?"ன்னு கேட்டாங்க.

"சரிதான்பா."

"காலைல டேங்க் ரொப்பிட்டு வா"ன்னு சாவியைத் தந்துட்டுப் படுத்துட்டாங்க.