மெதுவாக அடிப்பவருக்கு மெத்தென்ற பந்தா?

கோல்ஃப் ஆடுபவரின் பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம் என்கிறது விதி. ஒவ்வொன்றையும் வாங்கும்போது நீளம் பார்ப்போம், பிடி பார்ப்போம், தண்டின் விறைப்பைப் பார்ப்போம். கடையில் வலைக்குள் நாலு அடி அடித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டோம். பதினான்கில் எதை உருவினாலும் அது அடிக்கப்போவது பந்தைத்தான். அந்தப் பந்து மட்டும் எப்படிப் பைக்குள் வந்து சேர்கிறது? கம்பெனிப் போட்டியில் சும்மா கொடுத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கிவந்தார். புதரில் கண்டெடுத்ததைக் கேடி பாதி விலைக்குக் கொடுத்தார். மிச்சத்தைக் கிளப்ஹவுஸ் பேச்சு பார்த்துக்கொள்கிறது. அந்தப் பேச்சில் உலவும் நம்பிக்கைகளில் பல, ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. அதனால்தான் அவற்றை அசைப்பது கஷ்டமாக இருக்கிறது.

நம்பிக்கை: மெதுவாக அடிப்பவர் கெட்டிப் பந்தை அமுக்க முடியாது; அவருக்கு மெத்தென்ற பந்துதான் தூரம் போகும்.

வயதானவர்களிடமும் புதிதாக ஆடவந்தவர்களிடமும் அதிகம் சொல்லப்படும் அறிவுரை இது. பந்தை அழுத்தினால் அது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்குக் கம்ப்ரஷன் என்று பெயர். எண் குறைந்தால் மென்மை, கூடினால் கெட்டி. பந்துக்குள் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிய காலத்தில் நூலின் இறுக்கத்தைப் பொறுத்து 80, 90, 100 என்று பிரித்து விற்றார்கள். வாட்டசாட்டமான ஆட்களுக்கு 100, மற்றவர்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்று கடைக்காரர்களே பங்கிட்டும் கொடுத்தார்கள். நூல் சுற்றிய பந்து கடைகளிலிருந்து மறைந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பங்கீடு மட்டும் மறையவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிரைவரின் தலை மணிக்கு 80 மைல் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு இது நிதானமான வேகம். நன்றாகப் பட்டால் பந்து மணிக்கு ஏறத்தாழ 115 மைல் வேகத்தில் கிளம்பும். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். 46 கிராம் எடையை அந்த நேரத்துக்குள் அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, சராசரியாகவே சுமார் அரை டன் விசை வேண்டும். அரை டன்னுக்கு அமுங்காத கோல்ஃப் பந்தை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. ஆகவே உங்கள் பந்து அமுங்குகிறது. உங்கள் தாத்தா அடித்தாலும் அமுங்கும்.

அப்படியானால் கம்ப்ரஷனால் என்னதான் ஆகிறது? இரண்டு விஷயம் ஆகிறது. அடிக்கும்போது கைக்கு வரும் உணர்வும் காதில் விழும் சத்தமும் மாறுகின்றன. அடுத்தது வேகம். மிகவும் மென்மையான பந்து, அமுங்கி மீளும்போது கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடும். வேகமாக அடிப்பவருக்கு இந்த இழப்பு நன்றாகத் தெரியும். மெதுவாக அடிப்பவருக்குக் கண்ணில் படாத அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது மெத்தென்ற பந்து மெதுவாக அடிப்பவருக்குத் தூரத்தைக் கொடுப்பதில்லை, அவ்வளவாகக் கெடுப்பதும் இல்லை. கைக்கு இதமாக இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். தூரத்துக்காக வாங்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பந்து மென்மையாக இருந்தால் கிரீனில் ‘கடித்து’ நிற்கும்.

முந்தையதைவிட இது அதிகம் செலவு வைக்கும் குழப்பம். ‘சாஃப்ட்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அது உள்ளே இருக்கும் ரப்பர் கருவைப் பற்றிய பேச்சு. கிரீனில் பந்தை நிறுத்துவது மேல்தோல்.

மேல்தோல் இன்று பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அயனோமர், சர்லின் என்ற வணிகப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். வழவழப்பாக இருக்கும், உழைக்கும், மரத்தில் மோதினாலும் கீறல் குறைவு. மற்றது யூரித்தேன். மெல்லியது, இளகியது, உராய்வு கூடியது. அதற்கு அடியில் கெட்டியான ஓர் அடுக்கு இருக்கும். வெட்ஜ் மட்டையின் பள்ளங்கள் அந்த மெல்லிய தோலைக் கீழே உள்ள கெட்டி அடுக்கோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கும்போதுதான் பின்சுழற்சி பிறக்கிறது. அயனோமர் பந்து அதே மட்டையில் சற்று வழுக்கி, உயரமாகக் கிளம்பி, குறைந்த சுழற்சியோடு இறங்கும். நாற்பது ஐம்பது கஜத்திலிருந்து அடிக்கும் பிட்ச்சில் இரண்டுக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வித்தியாசம் வரும்.

ஆகவே கையில் கெட்டியாகத் தோன்றும் யூரித்தேன் பந்து கிரீனில் சட்டென்று நிற்கலாம். பஞ்சு மாதிரித் தோன்றும் அயனோமர் பந்து கொடியைத் தாண்டி உருண்டு போகலாம். சித்திரை வெயிலில் இறுகிக் கிடக்கும் கிரீனில் ஆடுபவருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இறங்கிய பந்து எத்தனை அடி ஓடும் என்பது தெரியாவிட்டால் எங்கே இறக்குவது என்றும் தெரியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பந்தைத் தரையோடு உருட்டியே கிரீனுக்குக் கொண்டுபோகிற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பங்கர் குறுக்கே இல்லாத இடங்களில் அது நல்ல ஆட்டமும்கூட. அவர்களுக்கு இந்தச் சுழற்சி அவ்வளவாகத் தேவைப்படாது.

நம்பிக்கை: தொழில்முறை ஆட்டக்காரரின் பந்து நமக்கெல்லாம் ஆகாது.

1990களின் நடுவரை இது நியாயமான பேச்சு. அன்றைய தொழில்முறைப் பந்துக்கு பலாட்டாத் தோல், உள்ளே நூல் சுற்று. கிரீனில் சொன்னபடி கேட்கும். ஆனால் மட்டையின் விளிம்பு பட்டால் சிரித்த வாய் மாதிரிப் பிளந்துகொள்ளும், டிரைவரில் அதிகம் சுழலும், சில சுற்றுகளில் ஓய்ந்துவிடும். சாதாரண ஆட்டக்காரர் சர்லின் போர்த்திய கெட்டிப் பந்தை வாங்கினார். அது தூரம் போகும், கிரீனில் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்ற நிலை அப்போது இருந்தது.

2000இல் அது உடைந்தது. அந்த வருடம் டைகர் உட்ஸ் நூல் பந்தை விட்டுவிட்டுக் கெட்டிக் கரு உள்ள நைக்கி பந்துக்கு மாறி, பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த போட்டியில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 முதன்முதலாக ஆட்டத்துக்கு வந்தது. அந்த ஒரே வாரத்தில் 47 பேர் அதற்கு மாறினார்கள். கெட்டிக் கரு, யூரித்தேன் தோல்: டிரைவரில் குறைந்த சுழற்சி, வெட்ஜில் நிறைந்த சுழற்சி. ‘தூரமா, நிறுத்தமா’ என்ற பழைய பேரம் அதோடு முடிந்தது. இன்று தொழில்முறைப் பந்து என்று விற்பது உங்கள் கையில் உடைந்தும் போகாது, அடங்காமலும் போகாது.

ஆகாமல் போவது விலைதான். அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் யூரித்தேன் பந்தைக் குறைந்த விலைக்கு விற்றபோது கையிருப்பு தீர்ந்துபோனது. யூரித்தேன் என்றாலே உச்ச விலை என்பது அதன் பிறகு இல்லை. ஆனால் ஒரு சுற்றில் நாலைந்து பந்தைத் தண்ணீருக்கும் முள்ளுக்கும் கொடுப்பவர் யூரித்தேனுக்குச் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டாவது குழியில் குளத்துக்குப் போகிற பந்துக்கு எந்தத் தோல் இருந்தால் என்ன?

நம்பிக்கை: இந்தப் பந்துக்கு மாறினால் இருபது கஜம் கூடும்.

கூடாது. விதிமுறைகளை வகுக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் எல்லாவற்றுக்கும் வரம்பு கட்டியிருக்கின்றன. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. கிளம்பும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2004 முதல் இருக்கும் சோதனையில், மணிக்கு 120 மைல் வேகத்தில் இயந்திரம் அடித்தாலும் பந்து 317 கஜத்தைத் தாண்டக் கூடாது. சலுகை மூன்று கஜம். நல்ல கம்பெனிகள் எல்லாம் அந்த வேலியை ஒட்டியே நிற்கின்றன. தங்களுக்குள் அவை அடித்துக்கொள்வது சில கஜங்களுக்காக. அந்தச் சில கஜத்தை மட்டையின் நடுவில் படாத ஒரே அடி விழுங்கிவிடும்.

‘போன வாரம் ஊட்டியில் இந்தப் பந்து பறந்தது’ என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள், ஆனால் பந்தைப் பாராட்ட வேண்டாம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே எந்தப் பந்தும் பறக்கும். சென்னை நந்தனத்துக்குத் திரும்பியதும் பழையபடி விழும்.

குழிகளைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு: பந்தின் மேல் எத்தனை குழியோ அத்தனை தூரம் என்று. குழிகள் இல்லாவிட்டால் பந்து பாதித் தூரம்தான் போகும் என்பது சரி. அவை பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கி, பின்பக்கம் உண்டாகும் இழுவையைக் குறைக்கின்றன. பின்சுழற்சி தரும் தூக்கலுக்கும் துணை செய்கின்றன. ஆனால் இன்றைய பந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 300 முதல் 400 குழிகள் இருக்கும். எண்ணைவிட ஆழமும் விளிம்பும் அமைப்புமே கணக்கு. பின்சுழற்சிதான் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதை 1890களிலேயே எடின்பரோப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெயிட் எழுதிவிட்டார். அவர் ‘இதற்கு மேல் பந்து போகாது’ என்று கணக்கிட்டுச் சொன்னதை மகன் ஃப்ரெடி மறுநாளே அடித்துப் பொய்யாக்கினார் என்று ஒரு கதை இன்னும் சொல்லப்படுகிறது. ஃப்ரெடி டெயிட் 1896, 1898 இரண்டு வருடமும் அமெச்சூர் சாம்பியன். கதை மட்டும் கட்டுக்கதை.

நம்பிக்கை: ‘நேராகப் போகும்’ பந்து ஸ்லைஸைக் குணப்படுத்தும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ் வருவது மட்டையின் முகம் ஒரு திசையும் வீச்சு வேறு திசையுமாகப் போவதால். குறைவாகச் சுழலும் பந்து வளைவைச் சற்றுக் குறைக்கும். காட்டுக்குள் இருபது கஜம் போவதற்குப் பதிலாகப் பதினேழு கஜம் போகும். காடு காடுதான். தானாகவே நேராகத் திரும்பும்படி ஒழுங்கற்ற குழி அமைத்த பந்தும் ஒரு காலத்தில் வந்தது. அதன் பிறகுதான் பந்து எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரிப் பறக்க வேண்டும் என்ற விதியே எழுந்தது.

சில்லறை நம்பிக்கைகள் சில. பந்தின் மேல் உள்ள 1, 2, 3, 4 என்ற எண் அதன் கெட்டித்தன்மையைக் குறிப்பதல்ல. உங்கள் பந்தையும் அடுத்தவர் பந்தையும் பிரித்தறியத்தான். மஞ்சள் பந்து வெள்ளைப் பந்தைவிட மட்டமானது அல்ல. மாலை வெளிச்சத்தில் உங்கள் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதை வாங்குங்கள். குளத்திலிருந்து எடுத்த பந்து எல்லாமே வீண் என்பதும் சரியில்லை, எல்லாமே நல்லது என்பதும் சரியில்லை. எத்தனை வாரம் தண்ணீரில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. பயப்பட வேண்டியது மறுவண்ணம் பூசிய பந்துக்கு: வண்ணம் குழிகளை அடைத்துவிடும், அடியில் என்ன கீறல் இருக்கிறது என்பதும் மறைந்துவிடும். குளிர்ந்த காலையில் பந்தைச் சூடாக்கி ஆடலாமே என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பது விதி 4.2இன்படி ஆட்டத்திலிருந்தே நீக்கப்படும் குற்றம்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? கடைக்காரர்களும் நண்பர்களும் டிரைவரிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் கிரீனிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு சுற்றில் டிரைவரைத் தொடுவது அதிகபட்சம் பதினான்கு தடவை இருக்கும். அதிலும் பந்துக்குப் பந்து பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பெரிதாகத் தெரிவது கடைசி ஐம்பது கஜத்தில். மூன்று நாலு வகைகளில் மூன்று பந்து கொண்ட சின்னப் பெட்டி ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு, பயிற்சி கிரீனின் ஓரத்தில் நில்லுங்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே மட்டையால் சிப் செய்து, எது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெயர் தெரியாதபடி யாரையாவது பந்துகளை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. விலையும் விளம்பரமும் கண்ணை மறைக்கும். புட்டரில் நாலு தட்டுத் தட்டி, சத்தம் பிடிக்காததை ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றைக் குழிக்கு ஒன்றாக மாற்றி, இரண்டு சுற்று ஆடுங்கள். ஒரு குழி முடிந்து அடுத்த குழி தொடங்கும்போது பந்தை மாற்ற விதி இடம் கொடுக்கிறது. ஒரே மாதிரிப் பந்தைத்தான் கடைசிவரை ஆட வேண்டும் என்பது அதற்கென்று தனிவிதி போட்ட போட்டிகளில் மட்டும்தான்.

கடைசியில் இரண்டு பந்துக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் நின்றால், விலை குறைந்ததை வாங்குங்கள். வாங்கியதை ஒரு வருடமாவது மாற்றாதீர்கள். ஐந்து சுற்றில் ஐந்து வகைப் பந்து ஆடுபவருக்கு, சிப் செய்த பந்து எங்கே நிற்கும் என்பது ஒருபோதும் பிடிபடாது.