இறுக்கம் வேறு, பிடி வேறு

கட்டில் காலோ பூரிக்கட்டையோ கடையும்போது பிடிப்பது பெரிய பிரச்சினை இல்லை. கட்டையின் இரண்டு நுனிகளையும் லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டுகிறோம். வேலை முடிந்ததும் குத்துப்பட்ட நுனிகளை அறுத்துத் தள்ளிவிடுகிறோம். கிண்ணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உட்புறம், வெளிப்புறம், விளிம்பு, அடிப்பாகம் எல்லாமே வாங்குபவர் கையால் தடவிப் பார்க்கும் இடங்கள். எங்கே பிடித்தாலும் தடம் விழுந்துவிடுமோ என்ற கவலை. தளர்த்திப் பிடிக்கவும் பயம்: 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் கழன்று முகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கவலைக்கும் பயத்துக்கும் நடுவில்தான் பட்டறைகளில் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. சிறிய லேத் ஒன்றை வாங்கி வீட்டிலேயே கடையத் தொடங்கும் புதியவர்கள் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

“எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு”

மற்ற நம்பிக்கைகளுக்கெல்லாம் தாய் இதுதான். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் சாவியில் பைப்பைச் சொருகி நெம்புகிறவர்கள்கூட இருக்கிறார்கள். மரத்தை ஓர் அளவுக்கு மேல் அமுக்கினால் நார் நசுங்கும். நசுங்கிய நார் சக்கின் தாடையை, அதாவது ஜாவைத் திருப்பி அழுத்தாது. ஆகவே அதிகமாக இறுக்கிய பிடி சற்று நேரத்தில் தானாகவே தளரும், தளர்ந்ததைப் பார்த்து மறுபடி இறுக்குவோம், மறுபடி நசுங்கும். முடிவில் தடமும் மிஞ்சும், ஆட்டமும் மிஞ்சும்.

பிடியைத் தீர்மானிப்பது தொடும் பரப்பு. மரம் கடைவதற்கான சக்கின் நான்கு ஜாக்களும் முதலில் ஒரே வளையமாகக் கடையப்பட்டு, பிறகு நான்காக அறுக்கப்பட்டவை. அறுத்த பிளேடின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும்போது மட்டுமே அவை சேர்ந்து சரியான வட்டமாகின்றன. அதாவது, முழுக்க மூடிய நிலையிலிருந்து கொஞ்சம் திறந்த அந்த ஒரே ஓர் அளவில். கிண்ணத்தின் அடியில் நாம் கடைந்துவிடும் குட்டை வட்டக் கட்டையான டெனன் அந்த அளவில் இருந்தால் ஜா முழுவதும் மரத்தைத் தழுவும். டெனன் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு ஜாவின் இரண்டு மூலைகள் மட்டும் குத்தும். மொத்தம் 8 இடங்கள். சிறிதாகிவிட்டால் ஜாவின் நடுப்பகுதி மட்டும் படும். மொத்தம் 4 கோடுகள். கை கொடுக்கும் விசை அதேதான். அது விழும் இடம் சுருங்கிவிட்டதால் ஆழமாகப் பதிகிறது. சக்கிலிருந்து எடுத்த டெனனில் 8 வெட்டுகள் தெரிந்தால் மரம் மட்டம் என்று மரத்தின் மேல் பழி போடாதீர்கள். டெனனைச் சிறிதாக்குங்கள், அல்லது பெரிய ஜாவைப் பூட்டுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது: டெனனின் நுனி சக்கின் அடித்தளத்தைத் தொடவே கூடாது. டெனனைச் சுற்றி இருக்கும் தட்டையான தோள்பகுதிதான் ஜாக்களின் முகத்தில் உட்கார வேண்டும். உளி கிண்ணத்தின் விளிம்பில் படும்போது கிண்ணம் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வைத் தாங்குவது ஜாவின் இறுக்கத்தைவிட இந்தத் தோள்தான். டெனன் உயரமாகிச் சக்கின் அடியில் முட்டிவிட்டால் தோளுக்கும் ஜாவுக்கும் நடுவே இடைவெளி விழும். அப்புறம் எத்தனை இறுக்கினாலும் கிண்ணம் ஆடும். தோளும் டெனனும் சேரும் மூலை உருண்டையாக இருந்தாலும் இதே கதை. அந்த மூலையைக் கூரான உளியின் நுனியால் சுத்தமாக வெட்டிவிட வேண்டும். ஜாவின் சரிவு எப்படியோ அதே சரிவை டெனனுக்கும் கொடுத்தால், அதாவது நுனியில் சற்று அகலமும் தோளருகே சற்று ஒடுக்கமுமாக வைத்தால், இறுக்கும்போதே ஜா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துத் தோளை உட்கார வைத்துவிடும்.

டெனன் உயரமாக இருந்தால் பலம் என்பதும் இந்த நம்பிக்கையின் கிளைதான். கிண்ணத்துக்கான மரத்தில் நார் பெரும்பாலும் லேத்தின் அச்சுக்குக் குறுக்கே ஓடும். எனவே டெனன் நார் வழியே பிய்த்துக்கொண்டு போகத் தயாராக நிற்கிறது. வட்டமான கட்டை வளைவைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயரும்: 40 மி.மீ. டெனனை 80 மி.மீ. ஆக்கினால் தாங்குதிறன் எட்டு மடங்கு. உயரத்தில் அப்படி எந்த ஆதாயமும் இல்லை. கிண்ணத்தின் விட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அகலம், 6 முதல் 8 மி.மீ. உயரம் என்பது சாதாரண வீட்டுக் கிண்ணத்துக்குப் போதும்.

“இரும்பு லேத்தின் சக் மரத்தைப் பிடிக்காதா?”

பிடிக்கும், கடித்துப் பிடிக்கும். இரும்பு வேலைக்கான த்ரீ ஜா சக்கின் ஜாக்கள் ஒடுக்கமானவை. உலோகத்தை மூன்று கோடுகளில் பிடித்தால் போதும், மரத்துக்கு அது போதாது. மேலும் அந்த ஜாக்கள் சக்கின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு சுழலும். கிண்ணத்தின் அடிப்பக்கத்தைக் கடையும் கை அவற்றுக்கு மிக அருகில் போகும். பழைய இயந்திரக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கிண்ண வேலைக்கு வாங்காதீர்கள்.

“நடுவில் துணியோ ரப்பரோ வைத்தால் தடம் விழாது”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெத்தென்ற பொருள் உளியின் ஒவ்வொரு வெட்டுக்கும் அமுங்கி எழும். முதலில் மையம் விலகும், பிறகு கிண்ணம் அதிரும். அதிர்வு அதிகமானால் உளி மாட்டிக்கொள்ளும். சுழலும் ஜாவுக்கு அருகில் துணியின் நுனி தொங்குவது தனி ஆபத்து. மெத்தை உதவும் இடம் ஒன்று உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஜாவுக்கும் மரத்துக்கும் நடுவே அதற்கு வேலையில்லை.

“டெனன் தடம் விடும், குழி விடாது”

அடியில் குழி கடைந்து, ஜாவை அதற்குள் விரித்துப் பிடிக்கும் முறையைச் சிலர் தடமில்லாத முறை என்கிறார்கள். தடம் குழிக்குள் மறைகிறது, அவ்வளவுதான். குழி மோசமான முறை அல்ல. தட்டு, பெரிய தாம்பாளம் போன்ற ஆழமில்லாத வேலைக்கு அதுதான் வசதி, 3 முதல் 5 மி.மீ. ஆழம் போதும். மறக்கக் கூடாதது இது: டெனனில் ஜா மரத்தை உள்நோக்கி அமுக்குகிறது, குழியில் மரத்தை வெளிநோக்கிப் பிளக்கிறது. குழியைச் சுற்றி நல்ல சதை இல்லாவிட்டால் ஒரே சாவித் திருப்பலில் அடிப்பாகம் நார் வழியே விரிந்துவிடும். அதிகம் இறுக்குகிற பழக்கம் உள்ளவர்கள் குழிப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

“டெயில் ஸ்டாக் நீளமான கட்டைக்குத்தான்”

கிண்ணம் கடைபவர்களில் பலர், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை லேத்தின் கோடியில் தள்ளிவைத்துவிட்டு அதை மறந்தே போகிறார்கள். கிண்ணத்தைப் பிடிக்கும் கருவிகளில் மிக நல்லதும் செலவே இல்லாததும் அதுதான். உட்புறத்தைக் குடையும் நேரம் தவிர மற்ற எல்லா நேரத்திலும் அதை நெருக்கி நிறுத்தி வைக்கலாம். குடையும்போதுகூட, நடுவில் ஒரு தண்டை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தால் அதுவரைக்கும் துணை இருக்கும்.

கடைசி வேலையான டெனனை நீக்கும் வேலையில்தான் அதன் அருமை தெரியும். ஒரு மரக்கட்டையைச் சக்கில் மாட்டி, அதன் முகத்தைக் கிண்ணத்தின் உள்வளைவுக்கு ஏற்ப உருட்டிக் கடையுங்கள். அதன் மேல் மெல்லிய தோலையோ ஃபோமையோ ஒட்டுங்கள். நான் சொன்ன மெத்தையின் இடம் இதுதான்; இங்கே கிண்ணத்தைப் பிடித்திருப்பது மெத்தை அல்ல, இரண்டு பக்க அழுத்தம். கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, டெயில் ஸ்டாக்கின் முனையை டெனனின் மையத்தில் கொண்டுவந்து அழுத்தினால் உராய்விலேயே கிண்ணம் சுழலும். அந்த மையம் எங்கே என்று தேடக் கூடாது. முதல் நாள் டெயில் ஸ்டாக் முனை குத்திய புள்ளியை டெனனின் முகத்தில் அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே மையம். மெல்லிய வெட்டுகளாக டெனனைக் குறைத்துக்கொண்டே வந்து, விரல்நுனி அளவுக்கு ஒரு குமிழ் மட்டும் நிற்கும்போது லேத்தை நிறுத்துங்கள். குமிழைக் கையுளியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எங்கே பிடித்தோம் என்பதற்குச் சாட்சியே இருக்காது.

அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானில் பிடித்த தடம் தென்படாததற்கும் காரணம் இதே புத்திதான். பிடிக்கும் பகுதி பொருளில் சேர்வதில்லை. கட்டையின் ஒரு நுனியில் பிடிப்பு, மறு நுனியில் பொருள். கடைந்து அரக்கு பூசியபின் உளியால் வெட்டிப் பிரித்துவிடுகிறார்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணாவில் கட்டையைச் சக்கின் பொள்ளலுக்குள் சுத்தியலால் அடித்து இறக்குவதும் வழக்கம். அடிபட்டு நசுங்குவது கழிக்கப்போகும் நுனி என்பதால் யாருக்கும் கவலையில்லை.

“நல்ல சக் இல்லாமல் நல்ல கிண்ணம் வராது”

இதை நம்புகிறவர்கள் இங்கிலாந்தின் பர்க்‌ஷரைச் சேர்ந்த ஜார்ஜ் லெய்லியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கில்பரி கிராமத்தில், காலால் மிதித்து இயக்கும் கழி லேத்தில், 1958-இல் இறக்கும்வரை கிண்ணத்தையே தொழிலாகக் கொண்டவர். எல்ம் மரத்தின் ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்தெடுத்தார். அவரிடம் சக் கிடையாது. முட்கள் கொண்ட ஒரு மர உருளையைக் கட்டையில் அடித்து இறக்கி, இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்திக் கடைவதுதான் அந்த முறை. நடுவில் மிஞ்சும் தண்டைக் கடைசியில் ஒடித்து, அந்த இடத்தைக் கத்தியால் சீவிவிடுவார்கள். அவருடைய லேத் இன்று ரெடிங் நகரில் உள்ள ஆங்கில கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்க்கோடியில், காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் சக். அது தடமே விடாது என்பது உண்மை. ஆனால் எந்தக் கிண்ணத்துக்கும் ஆகும் என்பது உண்மையல்ல. 15 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மேல் காற்றின் அழுத்தம் முழு வெற்றிடத்தில் சுமார் 180 கிலோ. பாதி வெற்றிடம் எடுத்தாலே 90 கிலோ. மெல்லிய சுவர் கொண்ட கிண்ணம் அதில் உள்வாங்கி உடையலாம். நுண்துளை நிறைந்த மரமானால் காற்று கசிந்து பிடி குறையும். வெடிப்போ பூச்சித் துளையோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில், ஏழைக்கேற்ற வழி ஒட்டுக்கட்டை. வேண்டாத ஒரு கட்டையைத் தட்டையாகச் சீவி, கிண்ணத்தின் அடியில் ஃபெவிகால் போட்டு ஒட்டி, அதைச் சக்கிலோ, திருகாணியால் பொருத்தும் ஃபேஸ் பிளேட்டிலோ பிடிப்பது. நடுவில் ஒரு தாளை வைத்து ஒட்டினால் பிறகு உளியால் தட்டிப் பிரித்துவிடலாம். மரம் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு முகமும் முழுக்கப் படிய வேண்டும், பசை ஓர் இரவாவது உலர வேண்டும். இருபக்க டேப்பையும் சூடான பசையையும் இதற்குச் சமமாக நினைக்காதீர்கள். ஈரமரத்திலும் தூசி படிந்த மரத்திலும் டேப் நிற்காது. உப்புத்தாள் தேய்க்கும் சூட்டில் சூடான பசை இளகும்.

“ஒருமுறை சரியாகப் பிடித்தது எப்போதும் சரியாக நிற்கும்”

பச்சை மரத்தை முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி கடைவதுதான் கிண்ணத்தில் வழக்கம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்த் தடிமன் விடுவார்கள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகப் போன டெனன் முட்டை வடிவில் திரும்பி வரும். அதை அப்படியே சக்கில் மாட்டினால் இரண்டு ஜா மட்டுமே வேலை செய்யும். முதலில் கிண்ணத்தை மேலே சொன்ன மாதிரி கவிழ்த்து, டெயில் ஸ்டாக் துணையோடு டெனனை மறுபடி வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே நாள் வேலையிலும், பச்சை மரமானால் சற்று நேரம் கழித்து ஜாவை ஒரு தரம் மெதுவாகச் சரிபார்ப்பது நல்லது.

ரப்பர் குமிழ்கள் கொண்ட கோல் ஜா பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. விளிம்பைத் தடமின்றிப் பிடிக்க அது நல்ல கருவிதான், ஆனால் மெல்லிய வெட்டுக்கும் உப்புத்தாளுக்கும் மட்டுமே. அதைப் பூட்டியிருக்கும்போது நிமிடத்துக்கு 500, 600 சுற்றுக்கு மேல் போகாதீர்கள், முடிந்தவரை டெயில் ஸ்டாக்கையும் நெருக்கி வையுங்கள். டெனனின் குறுக்கே வெடிப்பு ஓடுகிற மரத்தை எந்தக் கருவியும் பிடித்துத் தராது. அதை லேத்தில் ஏற்றாதீர்கள். புதிய ஜா வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் அதற்கு முன்னால் முழு முகத்தையும் மறைக்கும் கவசம் ஒன்றை வாங்கிவிடுங்கள்.